கார் சர்வீஸில் எது தேவை, எது விற்பனை? ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

போன சர்வீஸ் முடிந்து 6 மாதம் ஆனதோ இல்லையோ, போன் வந்துவிடும். "சார், உங்க வண்டி சர்வீஸ் டியூ ஆயிடுச்சு. நாளைக்கு பிக்கப் அனுப்பவா?" மீட்டரைப் பார்த்தால் 3,000 கி.மீ.தான் ஓடியிருக்கும். சரி, கூப்பிடுகிறார்களே என்று வண்டியை அனுப்பினால், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், அலைன்மென்ட், எலி ஸ்பிரே என்று ஒரு வால் முளைத்து, பில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

இதைப் பெரும்பாலும் மோசடி என்று சொல்ல முடியாது. எல்லாம் பில்லோடு, ஜிஎஸ்டியோடு, நீங்கள் போட்ட கையெழுத்தோடு நடக்கிறது. புதுக் கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. ஷோரூம் வாடகையையும் சம்பளத்தையும் தாங்குவது பின்பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்பும் இன்சூரன்ஸும் ஆக்சசரீஸும்தான். அதனால் வண்டியை வாங்கி வேலைப் பட்டியல் போடும் சர்வீஸ் அட்வைசருக்கு மாத டார்கெட் வைக்கிறார்கள். கையேட்டில் இல்லாமல் கூடுதலாக விற்கும் வேலைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வேல்யூ ஆடட் சர்வீஸ்'. அதில் எவ்வளவு விற்றார் என்பது அந்தப் பையனின் இன்சென்டிவைத் தீர்மானிக்கும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் வேலையை அவர் செய்கிறார், நம் வேலையை நாம் செய்ய வேண்டும்.

நம் வேலை என்பது சர்வீஸைத் தள்ளிப்போடுவது அல்ல. வண்டிக்கு என்ன வேண்டும் என்பதை ஒர்க்‌ஷாப் கேட்டுக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிடுவது. என்னென்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்து விழுந்த பிறகு கேட்கும் கேள்விகளுக்குப் பெரிதாக மதிப்பில்லை.

படி 1: கையேட்டில் அட்டவணையைத் தேடுங்கள்

கார் வாங்கும்போது கொடுத்த கையேடு டேஷ்போர்டில் தூங்கிக்கொண்டிருக்கும். காணோம் என்றால் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் மாடலுக்கான பிரதி இருக்கும். அதில் பராமரிப்பு அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு. மேலே கி.மீ. மற்றும் மாதம், இடப்பக்கம் பாகங்களின் பெயர், கட்டங்களுக்குள் எழுத்துகள். ஒரு எழுத்துக்கு 'மாற்று' என்று பொருள், இன்னொன்றுக்கு 'பரிசோதி' என்று பொருள். பல வீடுகளில் பணம் போவது இந்த இரண்டும் குழம்பும் இடத்தில்தான். 'பரிசோதி' என்று இருக்கும் ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றிவிட்டு, "ஷெட்யூல்ல இருக்கு சார்" என்பார்கள். ஷெட்யூலில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே எழுதியிருப்பது பார்க்கச் சொல்லித்தான், மாற்றச் சொல்லி அல்ல.

இந்தியாவில் இன்று விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு வழக்கமான இடைவெளி 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது. மாருதி சுசூகியை எடுத்துக்கொண்டால், இலவச சர்வீஸ் மூன்று: 1,000, 5,000, 10,000 கி.மீ. அதன் பிறகு கட்டண சர்வீஸ் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை. முதல் இரண்டு இலவச சர்வீஸ்கள் நெருக்கமாக வருவதால், 5,000 கி.மீ. அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும் என்ற பழக்கம் நம் மனதில் பதிந்துவிடுகிறது. டீலரின் நினைவூட்டல் அழைப்பு அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஏறி உட்காருகிறது. இலவசம் என்பதும் லேபருக்கு மட்டும்தான். ஆயில், ஃபில்டருக்குக் காசு உண்டு.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்ற ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டி அனுப்பும் வழக்கம் பல பத்தாண்டுகள் ஓடியது. சிந்தெடிக் ஆயில் போட்ட பல மாடல்களுக்கு டொயோட்டாவே அங்கே 10,000 மைல் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அந்த ஸ்டிக்கர் சாகவில்லை. தேவையில்லாமல் இத்தனை ஆயில் கழிவாகிறதே என்று கலிஃபோர்னியா அரசின் கழிவு மேலாண்மைத் துறையே, உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்று பிரசாரம் செய்தது.

படி 2: உங்கள் ஓட்டம் எந்த வகை என்று நேர்மையாகக் கணக்கிடுங்கள்

டீலர் சொல்வதிலும் நியாயம் இருக்கும் இடம் இது. கையேட்டில் சாதாரண அட்டவணைக்குப் பக்கத்திலேயே 'கடுமையான பயன்பாடு' என்று இன்னொரு அட்டவணை இருக்கும். தினமும் சில கி.மீ. மட்டும் ஓடி இன்ஜின் முழுதாகச் சூடாகும் முன் நிறுத்துவது, புழுதிச் சாலை, நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்வது, அதிகப் பாரம், மலைப்பாதை ஆகியவை இதில் வரும். இப்படி ஓடும் வண்டிக்கு ஆயில் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு.

அட்வைசர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: "சென்னை டிராஃபிக் சார், எல்லாமே சிவியர் கண்டிஷன்தான்." எல்லாருக்கும் அது பொருந்தாது. வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆருக்குத் தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்குப் பொருந்தும். கிரஷர் லாரிகள் ஓடும் புழுதிச் சாலையில் வீடு இருந்தால் ஏர் ஃபில்டருக்குக் கண்டிப்பாகப் பொருந்தும். வார நாட்களில் ரயிலில் போய்விட்டு, மாதம் ஒரு முறை ஜிஎஸ்டி சாலையில் திண்டிவனம் வரை ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது. உங்கள் ஓட்டம் கடுமையானது என்றே முடிவானாலும், அதனால் அடிக்கடி செய்ய வேண்டியது ஆயிலும் ஃபில்டரும் போன்ற சில வேலைகள்தான். பெயின்ட் மேல் பூசும் டெஃப்லான் கோட்டிங் அந்த அட்டவணையில் எங்கும் இல்லை.

ரொம்பக் குறைவாக ஓட்டுபவர்கள் மறுபக்கம் தவறக் கூடாது. வருடத்துக்கு 2,500 கி.மீ.தான் ஓடியது என்றாலும் 12 மாதத்தில் ஆயிலை மாற்றுங்கள். சின்னச் சின்ன ஓட்டத்தில் ஆயிலுக்குள் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பே கிடைக்காது. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்துக்கொண்டு நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளச் சூடான நீண்ட ஓட்டம் தேவை. அது கிடைக்காமல் பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். அங்கே அட்வைசர் சீக்கிரம் ஆயில் மாற்றச் சொன்னால் கேளுங்கள்.

படி 3: ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்

பழைய பில்களை எடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை கி.மீ.யில் மாற்றினார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, டயர் போதும். அதற்கு நேரே கையேடு சொல்லும் இடைவெளியை எழுதுங்கள். இந்த முறை என்ன வரும், வராது என்று அந்தத் தாளே காட்டிவிடும். பல நிறுவனங்களின் இணையதளத்தில் மாடலையும் கி.மீ.யையும் கொடுத்தால் அந்த சர்வீஸுக்கு ஆகும் தோராயமான செலவைக் காட்டும் பக்கமும் இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது, ஏனென்றால் அது அவர்கள் கம்பெனியே போட்ட கணக்கு.

படி 4: வண்டியை முதலில் நீங்கள் பாருங்கள்

மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. டயர் பட்டன் தேய்மானத்தைக் காட்ட, பள்ளங்களுக்குள்ளேயே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். அந்த மேட்டோடு டயர் சமமாகிவிட்டால் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டது, சட்டப்படியும் மாற்ற வேண்டும். உட்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சந்தேகம் நியாயமானது. கூலன்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். ஏசி ஃபில்டர் பல கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றி மாட்டச் சில நிமிடம்தான், கருவிகூட வேண்டாம். இந்த ஒன்றை வீட்டிலேயே மாற்றக் கற்றுக்கொண்டால் வருடா வருடம் லேபர் மிச்சம்.

இன்ஜினில் செருகியிருக்கும் அளவுகோலான டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் மட்டத்தைப் பாருங்கள், நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "பாருங்க சார், ஆயில் எப்படிக் கறுத்துப் போச்சு" என்பது பழைய வசனம். கரியையும் அழுக்கையும் தனக்குள் பிடித்து வைப்பதுதான் ஆயிலின் வேலை. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும்.

படி 5: ஜாப் கார்டு

முடிந்தால் பிக்கப் வேண்டாம், நீங்களே கொண்டுபோங்கள். டிரைவர் வந்து எடுத்துப் போனால் அட்வைசர் போனில்தான் பேசுவார். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே "சரி, சரி, போடுங்க" என்று சொல்லிவிடுவோம். சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் போகாமல் வார நடுவில் போனால் அவருக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்கும்.

அட்வைசர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, டேப்லெட்டில் தட்டி, எஸ்டிமேட் போடுவார். பல இடங்களில் அந்தப் பட்டியலில் கூடுதல் வேலைகள் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும், அல்லது ஒரு 'பேக்கேஜ்' பெயருக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பேக்கேஜ் என்றால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: "இந்த கி.மீ.க்குக் கையேட்டில் இது எந்தப் பக்கத்துல இருக்கு?" கையேட்டில் இல்லை, ஆனால் வண்டியில் கோளாறு இருப்பதால் சொல்கிறேன் என்றால் அதுவும் ஏற்கத்தக்க பதிலே. அப்போது கோளாறைக் காட்டச் சொல்லுங்கள். கையேட்டிலும் இல்லை, கோளாறும் இல்லை என்றால் அது விற்பனை. "இந்தத் தடவை வேண்டாங்க" என்ற மூன்று சொல் போதும், காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் அவரிடம் தயாராக இருக்கும்.

பிறகு ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்ல வேண்டியவை: கூடுதல் வேலை எதுவும் என் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களை என்னிடம் காட்ட வேண்டும், எஸ்டிமேட் தொகை இவ்வளவு. ஓடோமீட்டர் அளவும் பெட்ரோல் அளவும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, வெற்றுக் கட்டம் எதுவும் இல்லாத நிலையில் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தான தாளை ஒரு போட்டோ.

படி 6: பட்டியலில் வழக்கமாக வரும் பெயர்கள்

இன்ஜின் ஃப்ளஷ் முதலில். பழைய ஆயிலோடு ஒரு கெமிக்கலைக் கலந்து சிறிது நேரம் ஓடவிட்டு வடிப்பார்கள். சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றி வந்த இன்ஜினுக்கு இது தேவையே இல்லை. ஆயிலிலேயே சுத்தம் செய்யும் சேர்மானங்கள் இருக்கின்றன. ஆயிலோடு வேறு எதையும் கலக்காதீர்கள் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. இதோடு சேர்த்து விற்கும் ஆயில் டிரீட்மென்ட் பாட்டிலுக்கும் இதே பதில். ஆயிலைப் பொறுத்தவரை கையேடு சொல்லும் கிரேடுதான் முக்கியம்: 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மாடலுக்கு மாடல் மாறும். விலை கூடிய முழு சிந்தெடிக் ஆயிலை விற்றுவிட்டு, மறுபடி 5,000 கி.மீ.யில் வரச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், அப்புறம் எதற்கு சிந்தெடிக் என்று.

இன்ஜெக்டர் (எரிபொருள் பீய்ச்சும் பாகம்) கிளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், கரியை நீக்கும் டீகார்பனைசிங் மூன்றும் வியாதி வந்தால் கொடுக்கும் மருந்து. வண்டி நிற்கும்போது (ஐடிலில்) இன்ஜின் வேகம் ஏறி இறங்குகிறதா, பிக்கப் குறைந்ததா, மைலேஜ் திடீரென விழுந்ததா? அப்போது பேசலாம். நன்றாக ஓடும் வண்டிக்கு 20,000 கி.மீ. ஆகிவிட்டது என்பதற்காக வேண்டாம். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் மட்டும் வால்வுகளில் கரி படிவது உண்மையான சிக்கல், அங்கேயும் அறிகுறி தெரிந்த பிறகே செய்யலாம்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டை ஒவ்வொரு சர்வீஸிலும் போடுவார்கள். மெஷின் இருக்கிறது, முதலீடு போட்டாயிற்று, ஓட வேண்டும். கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா, பெரிய பள்ளத்தில் இறங்கியதா, புது டயர் மாட்டினீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் செய்யுங்கள். ஹைவேயில் 80க்கு மேல் ஸ்டியரிங் உதறினால் அதற்கு வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது. அலைன்மென்ட் செய்தால், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரின்ட் அவுட்டைக் கேளுங்கள். 'முன்' என்ற பக்கத்திலேயே எல்லாம் பச்சையாக இருந்தால், அடுத்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். டயர்களை இடம் மாற்றிப் போடுவதை மட்டும் மறுக்காதீர்கள். அது செலவைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

ஏசியில் இரண்டு விற்பனை. ஒன்று கேஸ் டாப் அப். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி அங்கே நிற்பீர்கள். இன்னொன்று டிஸ்இன்ஃபெக்‌ஷன். நம் கடலோரப் புழுக்கத்தில் ஏசிக்குள் ஈரம் தங்கி நாற்றம் வருவது நிஜம்தான். ஃபில்டரை மாற்றுங்கள், வீடு சேரச் சில நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். இதற்கு மேலும் நாறினால் அந்தச் சுத்திகரிப்பைச் செய்துகொள்ளலாம்.

பிரேக்கில் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே பயமுறுத்துவதும் சுலபம், அலட்சியமும் ஆபத்து. "பேட் 70 பர்சென்ட் போயிடுச்சு" என்றால் மி.மீ. கேளுங்கள். புது பேட் ஏறக்குறைய 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றலாம். 5 மி.மீ. இருக்கிறது என்றால் அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா என்று உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடலாம்.

கூலன்ட்டை 40,000 கி.மீ.யில் மாற்ற வேண்டும் என்பது பழைய தலைமுறைக் கூலன்ட்டுக்குச் சரி. இப்போது வரும் நீண்ட ஆயுள் கூலன்ட் வேறு. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட்டுக்கு முதல் மாற்றம் 1,60,000 கி.மீ.யில்தான். ஸ்பார்க் பிளக்கும் அப்படியே. சாதாரண நிக்கல் பிளக் 40,000 கி.மீ. அளவில் மாறும், இரிடியம் பிளக் 1,00,000 கி.மீ. வரை போகும். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் தலையாட்டாதீர்கள்.

அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் கோட்டிங், இன்டீரியர் கிளீனிங், எலி ஸ்பிரே, நைட்ரஜன் காற்று. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அண்டர்பாடி கோட்டிங் நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் ஒரு முறை அடிக்கலாம், ஆனால் வருடா வருடம் அல்ல. கீழே தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் அடிக்க வேண்டும். எலி பிரச்சினை உண்மையான பிரச்சினை, ஸ்பிரே உண்மையான தீர்வு அல்ல. இன்ஜின் சூட்டிலும் மழையிலும் சீக்கிரம் போய்விடும். புகையிலை கட்டித் தொங்கவிடுபவர்கள் இருக்கிறார்கள், கம்பி வலை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வலைக்குத்தான் என் ஓட்டு.

இத்தனை விற்பவர்கள் ஒன்றை மட்டும் பல நேரம் மறந்துவிடுவார்கள்: பிரேக் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த நிலைக்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். 2 வருடத்துக்கு ஒரு முறை என்று பல கையேடுகள் சொல்கின்றன. நீங்களே கேட்டு மாற்றுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் நீங்களே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பார்த்ததுதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள். கியர் ஆயில், வீல் பேரிங், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வது நியாயமே.

படி 7: மதியம் வரும் போன்

வண்டியை லிஃப்டில் ஏற்றிய பிறகு அட்வைசர் கூப்பிடுவார். "சார், சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கு, இப்பவே மாத்தலைன்னா ரிஸ்க்." அது உண்மையாகவும் இருக்கலாம். போனில் ஆம், இல்லை எதுவும் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் வீடியோவும், பார்ட் விலை, லேபர் தனித்தனியாகப் போட்ட எஸ்டிமேட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், ஆயில் கசிவு என்றால் தாமதிக்காதீர்கள். தேவையானால் நேரில் போய்ப் பாருங்கள். மற்றவற்றுக்கு "இன்னும் எத்தனை கி.மீ. தாங்கும்?" என்று கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாரண்டிக்குள் இருக்கும் வண்டி என்றால் முதல் கேள்வி, இது வாரண்டியில் வருமா என்பது. மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. என்று நீட்டியது. அந்தக் காலத்துக்குள் தானாகப் பழுதான புஷ்ஷுக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

படி 8: பில்

பணம் கட்டும் முன் ஜாப் கார்டின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பில்லைப் படியுங்கள். ஆயில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். உங்கள் இன்ஜின் கொள்ளளவு கையேட்டில் இருக்கும். சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 லிட்டரை ஒட்டி வரும். பில்லில் 4 என்றால் மீதி எங்கே என்று கேட்கலாம். பார்ட் விலை எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, லேபருக்கும் 18தான். 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் எது எது என்று கேளுங்கள். துணி, கிரீஸ், ஸ்பிரே என்று சின்னத் தொகையாக இருந்தால் விட்டுவிடலாம். நீங்கள் சொல்லாத வேலை பில்லில் இருந்தால், அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்.

நீக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு மூன்று நாளில் கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஃபீட்பேக் அழைப்பு வரும். "10க்கு 10 குடுத்துடுங்க சார்" என்று அட்வைசர் கெஞ்சுவது அந்த மதிப்பெண்ணை வைத்து டீலரையே அளப்பதால்தான். பில்லில் தகராறு தீரும் வரை அந்த மதிப்பெண்ணை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு ஜாப் கார்டு, பில் இரண்டையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. மின்னஞ்சலிலேயே முடிவதுதான் அதிகம்.

படி 9: மின்சாரக் கார் என்றால்

ஆயிலும் பிளக்கும் இல்லை, அதனால் கூடுதல் விற்பனைக்கு அழுத்தம் இன்னும் அதிகம். ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரிக் கூலன்ட் பரிசோதனை, டயர் சுழற்சி, 12 வோல்ட் பேட்டரி. ஏறக்குறைய அவ்வளவுதான். பாடி வெயிட்டும் சக்கரத்தைச் சுழற்றும் விசையான டார்க்கும் அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும், அதை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள்.

படி 10: வெளியே போகலாமா?

வாரண்டி, எக்ஸ்டென்டட் வாரண்டி காலத்தில் குறிப்பிட்ட சர்வீஸ்களை நேரத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் செய்துவிடுங்கள். வாரண்டிப் புத்தகத்தில் எத்தனை கி.மீ. அல்லது நாள் முன்பின் போகலாம் என்று இருக்கும், படித்து வையுங்கள். கூடுதல் வேலைகளை மறுத்தால் வாரண்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

வெளியில் வண்டியைத் தொட்டாலே வாரண்டி முழுதும் போச்சு என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. இருந்தாலும் இன்று பல பாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' தளத்தில் கார் நிறுவனங்களின் கையேடுகள், சர்வீஸ் விவரங்களுக்கு வழி இருக்கிறது.

வாரண்டி முடிந்த பிறகு நல்ல மெக்கானிக் ஷெட் ஒன்று வாய்த்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே கம்பெனி பார்ட்ஸ் கடையில் வாங்கிக் கொடுங்கள். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரித்தால் கிடைக்கும். பாக்கெட்டின் எம்ஆர்பியும் பார்ட் நம்பரும் பார்த்து வாங்குங்கள், போலிகளும் அதே சாலையில்தான் வரும். ஷெட்டில் வண்டியை லிஃப்டில் ஏற்றும் வசதியும் கோளாறு படிக்கும் ஸ்கேனரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட் பேட்டரி போன்றவற்றுக்கு மட்டும் கம்பெனி சென்டருக்கே போங்கள். ஷெட்டில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கி.மீ., ஆயில் கிரேடு, பார்ட் நம்பர் போட்ட பில் வாங்கி, படி 3இல் சொன்ன தாளோடு சேர்த்து வையுங்கள். வண்டியை விற்கும்போது விலை பேச அது உதவும்.